மூன்று அடி வாங்கிய பூட்டு

நேற்று இறம்பொடை ஏற்றத்தில் நான் ஓட்டி வந்த பஸ் நின்றுவிட்டது, மாமா. எஞ்சினில் பெல்ட்டுப் பட்டி வழுக்கித் தேய்ந்து, தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. ஆட்களை இறக்கிவிட்டு மூடியைத் தூக்கினேன். பட்டி கருகுகிற அந்த வாசனை எனக்குப் புதிதல்ல. நம் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷின்கள் ஓடும்போது, கூரைக்குக் கீழே நீளநீளமாய்த் தோல் பட்டிகள் சுழலுமே, மழை நாளில் அவை வழுக்கினால் இதே நாற்றம்தான் நாம் குடியிருந்த லயம்வரை வரும். நீங்கள் ஸ்டோர் வாசலில் காவல் நின்றபடி உள்ளே பார்த்துக் கத்துவீர்கள்: "எவன்டா அங்க? மெழுகு போடுங்கடா, பட்டி வேகுது!"

புதுப் பட்டி மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் உங்களோடுதான் இருந்தேன். நீங்கள் செத்து நான்கு மாதம் ஆகிறது. எனக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்துத்தான். ராகலையிலிருந்து மரக்கறி மூட்டையோடு ஏறிய ஒருவர், முன் சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் உங்கள் சாவையும் சொன்னார். பஸ்ஸை நிறுத்த முடியாது. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என் சிலேட்டை என் முதுகிலேயே உடைத்தார். அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். உயிரோடு இருந்தபோது உங்களிடம் நேரில் எதையாவது சொல்லப் போனால் நீங்கள் திட்டுவீர்கள், நான் திருப்பித் திட்டுவேன், சொல்ல வந்தது அப்படியே நிற்கும். இப்போது உங்களால் திட்ட முடியாது. அதனால் முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காமன் கூத்துக் காலம். பின்னேரம் நான்கு மணிக்குக் கீழ்த் தோட்டத்துப் பையன்களோடு பந்து விளையாட்டு. எங்களிடம் இருந்த பந்து முதல் நாள்தான் கிழிந்திருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை நன்றாக இருந்தது, மேல் தோல்தான் இல்லை. விளையாட்டை நிறுத்தினால் கீழ்த் தோட்டத்துக்காரர்கள் அடுத்த தீபாவளிவரை கேலி செய்வார்கள். ஸ்டோர் பின்னால் சாமான் அறையில் பழைய மெஷின் பட்டி ஒன்று சுருட்டி வைத்திருப்பது எனக்குத் தெரியும். தோல்தானே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமையில் ஸ்டோரில் உங்களைத் தவிர ஆள் கிடையாது. அந்த நேரம் பார்த்துக் கூத்துக்காரர்கள் லயம் லயமாக வந்துகொண்டிருந்தார்கள். ரதி வேஷமும் மதன் வேஷமும் ஆடிக்கொண்டு வர, பின்னால் தப்பு முழங்கியது. ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டு ஆண்பிள்ளை அரிசித் தட்டோடு நிற்க வேண்டும். ஆண்பிள்ளை நிற்காத வாசலில் அந்த வருஷம் நோய் படுக்கும் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருந்தார்கள். அத்தைக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. பிள்ளை என்று இருந்த ஒரே மகளும் ராகலைக்குக் கட்டிப் போய்விட்டாள். தப்புச் சத்தம் உங்கள் லயத்தை நெருங்க நெருங்க, நீங்கள் சாமான் அறையில் வைத்திருந்த தலைப்பாகைத் துண்டை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டு இறக்கத்தில் ஓடினீர்கள். தேயிலைச் செடிக்குள் குந்தியிருந்து நான் பார்த்தேன். பூட்டை வளையத்தில் கொளுவினீர்கள். அழுத்தவில்லை.

உள்ளே போனேன். பட்டியில் இரண்டு முழத்தை, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அறுத்தேன். வந்துவிட்டேன். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாக்கு ஊசியால் தைத்தோம். அது பந்து இல்லை மாமா, பாறாங்கல். விளையாடத் தொடங்கிய பத்து நிமிஷத்தில் இரண்டு பக்கத்திலும் நொண்டாத கால் இல்லை. விசில் ஊத வந்திருந்த, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் காலடிக்கு அது உருண்டு போனது. அவரும் ஆசையாக ஓர் உதை விட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெருவிரலைப் பிடித்துக்கொண்டு பந்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தோலில் மெஷின் கம்பனி முத்திரையில் பாதி தெரிந்தது.

"யாருடா இந்தப் பந்தத் தைச்சது?"

"நான்தாங்கய்யா," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். தையலைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

மேலே ஸ்டோர் வாசலுக்குத் திரும்பியிருந்த உங்களை அவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, "சாமான் ரூமப் போய்ப் பாரு, நான் வர்றேன்" என்றார். நீங்கள் முன்னால் ஓடினீர்கள். அவர் நொண்டிக்கொண்டே ஏறி வந்து சேர்ந்தபோது பூட்டு உடைந்து தரையில் கிடந்தது. "இப்பத்தான் பாக்குறேனுங்க. பொறத்தால சுத்திக்கிட்டு இருந்தேன், சத்தம் கேக்கல" என்றீர்கள். நான் கையில் பந்து தைத்த ஊசியோடு பின்னாலேயே வந்து நின்றேன். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

டவுன் கோர்ட்டில் அந்தப் பூட்டு மேசைமேல் இருந்தது. கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். சுவரில் ராஜா படம். "பூட்டுத் தெறந்துதான் இருந்துச்சு, நான் ஒடைக்கல" என்று நான் கத்தினேன். நீதவான் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி வாங்கிய பூட்டுக்கு முன்னால் என் பேச்சு எடுபடுமா? உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். "ஒடஞ்சு கெடந்துச்சுங்க" என்றீர்கள். நான்கு சொல்கூட இல்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. கண்டிச் சிறையில் ஆறு வாரம் மறியல்.

உள்ளே இருந்தது ஆறு வாரம்தான். வெளியே வந்த பிறகுதான் தண்டனை தொடங்கியது. தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டில் என் பேரை வெட்டிவிட்டார்கள். அம்மாவும் தங்கச்சியும் கொழுந்து பறிக்கலாம், லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் இருக்கலாம். நான் இரவு தங்கக் கூடாது என்று துரை உத்தரவு. வேறு தோட்டத்துக்குப் போனால் முதல் கேள்வி பத்துச்சீட்டு எங்கே என்பதுதான். பழைய தோட்டத்துத் துரை இன்னான் நல்லவன் என்று எழுதிக் கொடுக்கிற அந்தச் சீட்டு இல்லாமல் மலையில் எவனும் பேர் பதிய மாட்டான். கங்காணிமார் என்னைக் கண்டதும், "பூட்டு ஒடைக்கிற பய வர்றான், வாசல மூடுங்கடி" என்று சிரித்தார்கள். களவெடுத்தவன் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. எடுத்தேன். ஆனால் பூட்டை உடைத்தவன் என்றால் வேறு ஆள். அவன் எந்த வீட்டுக்குள்ளும் வருவான். அவனுக்கு யாராவது தின்னக் கொடுத்தாலும் சட்டியை எண்ணிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

நான்கு வருஷம் லொறியில் கிளீனராகக் கிடந்தேன். முதலாளி சிங்கள மனுசன், நல்லவர். சாக்கு அடுக்கவும் டயர் மாற்றவும் வந்தவனுக்கு வண்டி ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார். லைசன் எடுத்தேன். பஸ் கம்பனியில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வளைவில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். கூட வந்த மனுசன், "நாளைக்கே வந்துடு" என்று முதுகில் தட்டினார். பிறகு கந்தோர் மேசையில் எழுதி நிரப்ப ஒரு ஃபோம் கொடுத்தார்கள். பொலிசிலிருந்து நன்னடத்தைக் கடுதாசி வேண்டுமாம். பொலிசில் புத்தகத்தைப் புரட்டினார்கள். பூட்டு உடைத்து உட்புகுந்து களவு. அந்த ஒரு வரிதான். முதுகில் தட்டியவர் அடுத்த நாள் என்னைத் தெரியாதவர்போல நின்றார்.

டவுனில் வழக்குப் பார்க்கிற யாழ்ப்பாணத்துப் புறக்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். பழைய வழக்குக் கடுதாசியை எடுப்பித்து வாசித்தார்.

"தம்பி, உம்மடை தலையிலை ரெண்டு குற்றம் கிடக்கு. ஒண்டு பூட்டுடைச்சது. மற்றது களவு. முதலாவது போச்செண்டால் மற்றதை நீதவான் பெரிசாய் எடுக்க மாட்டார். அப்ப உமக்குப் பதினேழு வயதுதானே. ஆனால் அதுக்கு அந்தக் காவல்காரன் தன்ரை வாயாலை வந்து சொல்ல வேணும். சொல்லுவானோ?"

"சொல்ல வைப்பேன்," என்றேன். என் வாய் எப்போதும் அப்படித்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் வாசலுக்கு வந்தேன். நீங்கள் தகர டப்பாவைத் திறந்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தீர்கள். மீசை வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் ரொட்டியை மூடினீர்கள்.

"என்னா வேணும்?"

"என் நாலு வருசம்."

"இங்க இல்ல. போ."

"பூட்ட ஒடச்சது யாருன்னு எனக்குத் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். டவுனுக்கு வந்து ஒரு கடுதாசில சொல்லுங்க. எனக்கு வேல கெடைக்கும்."

"எனக்கு?" என்று கேட்டீர்கள். "எனக்கு என்னாடா கெடைக்கும்? முப்பத்தோரு வருசம் இந்த வாசல்ல நின்னிருக்கேன். பூட்டத் தெறந்து போட்டுட்டு, அத மறைக்கப் பொய்ச்சாட்சி சொன்னேன்னு தெரிஞ்சா, தொரை வச்சிருப்பாரா? காம்பிரா போவும். ஒங்கத்தைய எங்க தூக்கிக்கிட்டுப் போறது, பனியில? நீ எளவட்டம், எங்கயாச்சும் படுப்ப."

"நான் படுத்தது மறியல்ல, மாமா."

நீங்கள் ரொட்டி டப்பாவைத் தூக்கி எறிவதுபோல் ஓங்கினீர்கள். எறியவில்லை. "போடா, பட்டிக் களவாணி" என்றீர்கள். "போங்க, பூட்டு மாமா" என்றேன் நான். அப்படித்தான் பிரிந்தோம். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. திட்டுவதற்கு அது இடைஞ்சலாகவே இருந்தது.

அதற்கு மூன்றாம் ஞாயிறு லொறியைக் கழுவிக்கொண்டிருந்தேன். டவுன் பஸ் நிற்கும் இடத்தில் நீங்கள் நின்றீர்கள். துரை எப்போதோ கொடுத்த பழைய கோட்டு, அதன் கைக்குள்ளிருந்து விரல் நுனிதான் தெரிந்தது. கையில் குடை. கூப்பிடவில்லை. நான் பார்க்கும்வரை நின்றீர்கள்.

"எங்கடா அந்த புறக்டர் வீடு? ஞாயித்துக்கெழம தெறந்திருக்குமா?"

"அத்தை?"

"அவதான் போகச் சொன்னா" என்றீர்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இன்றுவரை அத்தை என்ன சொல்லி அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது.

புறக்டர் வீட்டு முன்னறையில் அவர் எங்களை நாற்காலியில் இருக்கச் சொன்னார். நீங்கள் இருக்க மாட்டேன் என்று நின்றீர்கள். அவர் வற்புறுத்திய பிறகு நுனியில் உட்கார்ந்தீர்கள். சத்தியக் கடுதாசி எழுத அவர் பேனாவை எடுத்தார். நல்ல மனுசன், உங்களையும் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"இஞ்சை பாரும், நீர் அப்ப சொன்னது ஞாபகப் பிசகு எண்டு எழுதுவம். கன காலம் போச்சுத்தானே. ஒருத்தரும் உம்மைக் குறை சொல்ல மாட்டினம்."

"பெசகு இல்லீங்க" என்றீர்கள். "நல்லா ஞாபகம் இருக்கு. நான்தான் கல்லால அடிச்சு ஒடச்சேன்."

பேனா நின்றது. "இப்பிடி எழுதினால் பொய்ச்சாட்சி எண்டு உம்மைப் பிடிச்சு உள்ளுக்குப் போடலாம். விளங்குதோ?"

"வெளங்குதுங்க."

"தோட்டத்திலையும் வைச்சிருக்க மாட்டினம்."

"அதும் வெளங்குதுங்க. இன்னொண்ணும் எழுதுங்க ஐயா. பட்டிய அறுத்து எடுத்தது இவன்தான். அதுல பொய் இல்ல."

எனக்கு மண்டை சூடேறியது. களவும் இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மேசைக்குக் கீழே உங்கள் காலில் ஓர் உதை விட்டேன். நீங்கள் குனிந்து காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தீர்கள்.

"ஏன்டா ஒதைக்கிற? பந்துன்னு நெனச்சியா?"

புறக்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நீங்கள் மட்டும் சிரிக்காமல் நாக்கில் விரலைத் தொட்டு, மை தடவி, பெருவிரல் ரேகையை அழுத்தி வைத்தீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாத உங்கள் ரேகை அந்தக் கடுதாசியில் கறுப்பாகப் பதிந்தது.

கொழும்புப் பெரிய கோர்ட்டுக்கு மனுப் போய், பழைய தீர்ப்பை நீக்கி, மறுபடி விசாரிக்கச் சொல்லி டவுனுக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. இப்போது சுவரில் ராணி படம். நீதவானும் வேறு ஆள். கோர்ட்டுக்குள் போகுமுன் லொறி முதலாளி என்னை மரத்தடிக்கு இழுத்துப் போனார். தம்பி என்பதற்கு அவர் மல்லி என்பார்.

"மல்லி, நீ எடுக்க இல்லே சொல்லு. யாரு பாத்தது? அந்தப் பந்து எங்கே? அதுவும் இல்லே. இல்லே சொன்னா முழுக்கக் கிளீன்."

அவர் சொன்னது சரி. அந்தப் பந்து எப்போதோ ஆற்றோடு போய்விட்டது. என்னை உள்ளே பார்த்தவர் யாருமில்லை. முதலில் உங்களை ஏற்றினார்கள். நீங்கள் எல்லாவற்றையும் சொன்னீர்கள். காமன் கூத்து, அரிசித் தட்டு, கொளுவிய பூட்டு, கல். நீதவான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார், மொழிபெயர்க்கிறவர் தமிழில் சொன்னார்: "இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை?"

"பயமுங்க," என்றீர்கள்.

அவர் உங்களை நெடுநேரம் திட்டினார். வழக்குப் போடவில்லை. இறங்கி வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"தோல் பட்டியை நீ எடுத்தாயா?"

இல்லை என்ற சொல் தொண்டையில் தயாராக இருந்தது. முதலாளி பின்னால் நின்று செருமினார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த துணியை மடித்துக்கொண்டிருந்தீர்கள். மடிப்பதற்கு ஒன்றும் இல்லாத பிறகும் மடித்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் சற்றுமுன் சொன்னதில் பாதி உங்களைப் பற்றியது, பாதி என்னைப் பற்றியது. நான் இல்லை என்றால் உங்கள் பேச்சில் பாதி மறுபடி பொய்யாகும். நீங்கள் பொய்யிலிருந்து வெளியே வருவதற்காகத்தான் அங்கே வந்திருந்தீர்கள்.

"எடுத்தேனுங்க. பந்து தைக்க."

நீதவான் எதையோ எழுதினார். பிறகு, இனி இப்படிச் செய்யாதே என்று எச்சரித்து விட்டார். குற்றவாளி என்று புத்தகத்தில் பதிய வேண்டியதில்லை என்றும் சொன்னார். புறக்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தம்பி, உமக்கு இனி ஒண்டும் இல்லை. சுத்தம்!" நான் வெளியே ஓடி வந்தேன். உங்களைத் தேடினேன். நீங்கள் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துப் போயிருந்தீர்கள். பின்னேரம் காவல் முறை உங்களுடையது.

அந்த முறைதான் கடைசி. இரண்டு வாரத்தில் காம்பிராவைக் காலி செய்யச் சொன்னார்கள். முப்பத்தோரு வருஷத்துக்கு உங்களுக்கும் ஒரு பத்துச்சீட்டுத் தந்தார்கள், நம்பிக்கைக்கு உரியவர் அல்ல என்று எழுதி. அதை வாசித்துச் சொல்லச் சொல்லி நீங்கள் என்னிடம்தான் நீட்டினீர்கள். ஐந்தாம் வகுப்பு இங்கிலீசில் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "வேற என்னாவோ எழுதியிருக்கு, எனக்கு வெளங்கல" என்றேன். "வெளங்கிருச்சு, மூஞ்சிய பாத்தாலே தெரியுது" என்றீர்கள்.

முதலாளியிடம் லொறியைக் கேட்டு வாங்கி உங்கள் சாமானை ஏற்றினேன். தகரப் பெட்டி, அம்மி, இரண்டு கம்பளி, ஓர் ஆடு. லயத்து ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். டீமேக்கர் ஐயா மட்டும் ஸ்டோர் படியிலிருந்து கையைத் தூக்கினார். அத்தையை நடுவில் உட்கார வைத்துக் கம்பளியால் சுற்றினோம். ராகலையில் உங்கள் மகள் மரக்கறித் தோட்டம் செய்கிற வீட்டுக்குப் புறப்பட்டோம். நுவரெலியா தாண்டும்வரை அத்தையின் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, எனக்காக..."

"ஒனக்காகன்னு யாருடா சொன்னா?" என்று வெட்டினீர்கள். கொஞ்சத் தூரம் போன பிறகு நீங்களே சொன்னீர்கள். "நல்ல பூட்டுடா அது. சீமப் பூட்டு. ஒரே அடியில போகல. மூணு அடி அடிச்சேன். மொத அடி அடிச்சிட்டு நிப்பாட்டியிருக்கலாம். ரெண்டாவது அடிச்சிட்டும் நிப்பாட்டியிருக்கலாம். டீமேக்கர் நொண்டிக்கிட்டுல்ல வந்தாரு, நெறைய நேரம் இருந்துச்சு."

அத்தை கம்பளிக்குள்ளிருந்து, "பேசாம வாங்க, தம்பி ரோட்டப் பாக்கணும்" என்றார்.

பஸ் கம்பனியில் வேலை கிடைத்தது. சம்பளத்தில் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் டவுனில் ஓர் அறை எடுத்தேன். உங்களை இரண்டு தடவைதான் வந்து பார்த்தேன். வேலை வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்தக் கோட்டோடு நீங்கள் லீக்ஸ் பாத்தியில் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கடைசி முறை புறப்படும்போது வேலிவரை வந்து சொன்னீர்கள்: "வளைவுல பாத்து ஓட்டு. பூட்டு ஒடச்சவன்ங்கிற பேரு போச்சு, ஆள ஒடச்சவன்னு பேரு வாங்கிடாத." நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் மன்னித்தேன் என்று சொன்னதில்லை. கேட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். நன்றி என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வந்த இரண்டு முறையும் விலைவாசியைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

போன மாதம் மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அவர் மகளை எனக்குக் கேட்டிருந்தோம். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். மனுசன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. மறியலுக்குப் போனதா ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. அது நெசமா?"

என்னோடு ஒரே பஸ்ஸில் ஓடுகிற கண்டக்டர் பக்கத்தில் இருந்தான். கோர்ட்டே அழித்துவிட்டது, இல்லை என்று சொன்னால் அது பொய்யும் இல்லை என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தியவன் அவன். இப்போது கண்ணைச் சிமிட்டினான். அம்மா அடுப்படியில் அசையாமல் நின்றார்.

"போனேனுங்க. ஆறு வாரம்," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பந்து, பூட்டு, நான்கு வருஷம், நீங்கள் புறக்டர் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தது, ஆட்டை லொறியில் ஏற்றியது. நான் இவ்வளவு பேசி அம்மாவே கேட்டதில்லை. கண்டக்டர் எழுந்து வெளியே போய்விட்டான். வந்தவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"கோர்ட்டு அழிச்ச பொறகும் ஏன் தம்பி சொல்றீங்க? நான் பொலிசுல போய்க் கேட்டாலும் ஒண்ணும் கெடைக்காதே."

"ஒண்ணும் நடக்கலேன்னு நான் சொன்னா, அவரு செஞ்சதும் நடக்கலேன்னு ஆயிருமுங்க. எங்க ரெண்டு பேருக்குந்தான் அது முழுசாத் தெரியும். இப்ப அவரு இல்ல."

பெண்ணைத் தருவாரா மாட்டாரா என்பது இதை எழுதுகிற வரைக்கும் எனக்குத் தெரியாது. எழுந்து, குடையை எடுத்து, வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அந்த மனுசன் பேரு என்னா?"

உங்கள் அப்பா பேரோடு சேர்த்து, முழுப் பேரையும் சொன்னேன், மாமா. ஒரு தடவைக்கு இரண்டு தடவை.